பள்ளியிலிருந்து வந்த பரிசோதனைச் சீட்டு: எதற்கு ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

எட்டு வயது மகன். பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் மூன்று குறிப்புகள்: வலது கண் 6/12, இடது கண் 6/6, ஹீமோகுளோபின் 11.1, இதயத்தில் மர்மர் (கூடுதல் ஓசை) கேட்கிறது, மேல் பரிசோதனை தேவை. பையன் ஓடியாடி விளையாடுகிறான், பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வழக்கமாகப் போகும் டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். நகரத்துப் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, அல்லது பள்ளிப் பரிசோதனை என்பதே கணக்குக் காட்ட நடத்தும் சடங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி இதயத்தைப் பற்றியே இருக்கிறது. கண்ணைப் பற்றி ஒரே வரி, அதுவும் 'கண்ணாடி அப்புறம் போட்டுக்கொள்ளலாம்தானே' என்று. நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடுவேன். இந்தச் சீட்டில் தள்ளிப்போடக் கூடாதது வலது கண்தான்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் பல வருடங்களாக உட்கார்ந்திருப்பவன் நான். பள்ளி திறந்து சில வாரங்களில் இப்படிப்பட்ட சீட்டுகள் கட்டுக்கட்டாக வரும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை, அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை. ஆகவே இதில் எதையும் உங்கள் மகனுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு குறைபாடு ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை நல்ல பரிசோதனைதான். பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுகிறது. குறை இல்லாத 990 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. அந்த ஐந்து சதவீதமே ஏறக்குறைய 50 பேர். அப்படியானால் சீட்டு வாங்கும் 59 பேரில் உண்மையில் குறை உள்ளவர்கள் ஒன்பதே பேர். மீதிப் பெற்றோர் எல்லாம் தூக்கமில்லாமல் மருத்துவமனைக்கு வந்து, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பிப் போவார்கள். இதில் பள்ளிக் குழுவின் கவனக்குறைவு எதுவும் இல்லை. நோயில்லாதவர்கள் பெருந்திரளாக இருக்கும் இடத்தில் வலை வீசினால் இப்படித்தான் விழும். 1968ல் வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுத்துக் கொடுத்த விதிகளில் ஒன்று இங்கே பொருந்தும்: சந்தேகப்பட்டவர்களை மேற்கொண்டு சோதித்து முடிவு சொல்லவும் சிகிச்சை தரவும் வசதி இல்லாத இடத்தில் திரள் பரிசோதனை நடத்தக் கூடாது. அதாவது சீட்டோடு வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது கண். 6/12 என்றால், சரியான பார்வை உள்ளவர் 12 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை உங்கள் மகனின் வலது கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது. 1862ல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு கண் மருத்துவர் கொண்டுவந்த அட்டையின் கணக்குதான் இன்றும் ஓடுகிறது. இரண்டு கண்ணும் 6/12 என்று இருந்திருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். கிட்டப்பார்வையாக இருக்கலாம், கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று நினைத்திருப்பேன். ஒரு கண் முழுசாக இருந்து மற்றது இரண்டு வரி பின்தங்கியிருப்பதுதான் சங்கதி. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றது மங்கலாக இருப்பது அவனுக்கே தெரியாது. கரும்பலகை தெரிகிறது, பந்து தெரிகிறது, யாரிடம் என்ன சொல்வான்? ஆனால் மங்கலான பிம்பத்தை அனுப்பும் கண்ணை மூளை மெல்ல மெல்லக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். இதைச் சோம்பல் கண் என்கிறோம். நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவர் வரை இந்தக் குறை இருக்கிறது.

இதற்குக் காலக்கெடு உண்டு. ஏழு வயதுக்குள் பிடித்தால் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமே செய்ய முடியாது என்று முன்பு சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2005ல் வெளியான ஆய்வில், கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைத்து ஒட்டுப் போடுவதும் சொட்டு மருந்தும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குப் பார்வை தேறியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத் தேறியது. ஆக எட்டு வயதில் இன்னும் நேரம் இருக்கிறது. வருடாந்தரப் பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளும் அளவுக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பார்த்துவிடுங்கள்.

அதே சமயம் இந்த 6/12 தப்பான எண்ணாகவும் இருக்கலாம். பள்ளியில் கண் பரிசோதனை நடப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வகுப்பறையில் 6 மீட்டர் கிடைக்காது, பெஞ்சை நகர்த்தி ஏதோ ஒரு தூரத்தில் அட்டையை மாட்டியிருப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் அட்டைக்குப் பின்னால் இருக்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் போனவன் சொன்ன எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்து கொண்டிருப்பார்கள். ஐந்தாவது ஆள் அட்டையைப் பார்க்காமலே கடைசி வரியை ஒப்பிப்பான். கையால் கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கில் பார்ப்பான். இந்த ஏமாற்றெல்லாம் பெரும்பாலும் பார்வையை நல்லதாகத்தான் காட்டும், கெட்டதாகக் காட்டாது. ஆகவே 6/6 என்று எழுதிய சீட்டைவிட 6/12 என்று எழுதிய சீட்டை நான் அதிகம் நம்புவேன். இன்னொன்றும் உண்டு: தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கும் குறை, உள்ள பிள்ளை கண்ணை இறுக்கி முயன்று அட்டையைச் சரியாகவே படித்துவிடும். அதைப் பள்ளி அட்டை பிடிக்காது.

கண் மருத்துவரிடம் போகும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, அதற்கப்புறம்தான் பவர் பார்ப்பீர்களா? பிள்ளைகளின் கண் தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்ளும் வலு அதிகம் உள்ளது. அதைத் தற்காலிகமாகத் தளர்த்தாமல் கம்ப்யூட்டர் இயந்திரத்தில் எடுத்த பவரை அப்படியே கண்ணாடியாக மாற்றுவது சரியல்ல. சொட்டு விட்ட பிறகு ஒரு நாளாவது கிட்டத்து எழுத்து மங்கும், வெயிலில் கண் கூசும். மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று வீட்டில் யாராவது பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. சோம்பல் கண்ணுக்குக் கண்ணாடிதான் முதல் மருந்தே. கொஞ்சம் பேருக்கு அது மட்டுமே போதும்.

அடுத்து, உங்களைத் தூங்கவிடாமல் செய்த மர்மர். ரத்தம் இதயத்தின் வழியாகப் பாயும்போது லப்-டப் சத்தங்களுக்கு நடுவில் கேட்கும் கூடுதல் ஓசை அது. வளரும் வயதில் ஏதோ ஒரு சமயத்தில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு இது கேட்கும். இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலே. மெல்லிய நெஞ்சுச் சுவர், வேகமான ஓட்டம், அவ்வளவுதான் காரணம். ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1909ல் எழுதி வைத்த ஒரு வகை, இசைக்கம்பி அதிர்வதுபோல ஒலிப்பது, உங்கள் மகன் வயதுக்குச் சற்று முன்னும் பின்னும் சர்வ சாதாரணம். காய்ச்சலில் கூடும், படுத்தால் கூடி எழுந்து உட்கார்ந்தால் குறையும். பிறவி இதயக் கோளாறோ ஆயிரம் பிறப்புக்கு எட்டு என்ற அளவில்தான் இருக்கிறது, அதில் பெரியவை பெரும்பாலும் பள்ளி வயதுக்கு முன்பே வெளிப்பட்டுவிடும்.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், விட முடியாது. எட்டு வயது வரை வெளியே தெரியாமல் இருந்துவிடக்கூடிய கோளாறுகள் சில உண்டு. மேலறைகளுக்கு நடுவில் உள்ள ஓட்டை அப்படிப்பட்டது. பிள்ளை நன்றாகவே விளையாடும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது இன்னொன்று. அதைக் கண்டுபிடிக்கக் காது மட்டும் போதாது: தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கையில் ரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். உங்கள் டாக்டரின் இரண்டு நிமிடத்தில் இந்த இரண்டும் நடந்ததா என்பதுதான் என் கேள்வி. நடந்திருந்தால், படுக்கவைத்தும் உட்காரவைத்தும் கேட்டிருந்தால், அவர் ஒன்றுமில்லை என்றதை நான் மதிப்பேன். சட்டை மேலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு அனுப்பியிருந்தால், ஒரு குழந்தை மருத்துவரிடம் நிதானமாக இன்னொரு முறை காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எழுதுவார். எல்லா மர்மருக்கும் எக்கோ வேண்டியதில்லை. அனுபவமுள்ள காது பல நேரம் அது இல்லாமலே முடிவு சொல்லிவிடும். ஆனால் எக்கோ வலியில்லாத சோதனை, பெற்றோர் மனம் ஆறாமல் தவித்தால் எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். கறாரான சக மருத்துவர்கள் இதற்கு என்னிடம் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் வேறு. ஓடும்போது மயங்கி விழுவது, ஓடும்போது நெஞ்சு வலிப்பது, உதடும் நகமும் நீலம் பாரிப்பது, கூட விளையாடுகிறவர்களைவிட முன்னதாகவே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவது, எடை ஏறாமல் நிற்பது, தொண்டைவலி வந்து போன பிறகு மூட்டு மூட்டாக வீங்கி வலிப்பது, நெருங்கிய சொந்தத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் மர்மர் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால் அன்றைக்கே.

பரிசோதிக்கிறவரின் கண்ணுக்குக் குறை எப்படித் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1934ல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் 11 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை எடுத்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரைப் பள்ளி மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினால், அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மீந்த 116 பேரை மூன்றாவது முறை வேறு ஆட்களிடம் காட்டினால் 51 பேருக்கு மறுபடியும் சிபாரிசு. கடைசியில் ஆயிரத்தில் 65 பேர்தான் தப்பினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய பாதி! அந்த மருத்துவர்கள் பொய் சொன்னவர்கள் இல்லை. எத்தனை பேருக்குக் குறை இருக்கும் என்று மனதில் ஒரு விகிதம் வைத்துக்கொண்டு பார்த்தார்கள், அந்த விகிதம் கிடைத்தது. இன்றைக்கும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு நாலு இடம் அலைந்தால், நாலாவது இடத்தில் யாராவது ஏதாவது கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது கருத்து கேளுங்கள், ஐந்தாவது வேண்டாம்.

ஹீமோகுளோபினுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. 5 முதல் 11 வயது வரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. 11.1 என்பது லேசான வகை. பள்ளியில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருப்பார்கள். சொட்டு வராமல் விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும். ஒரு கிராம் முன்னே பின்னே இருப்பது அதிசயமில்லை. ஆகவே கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து முழு எண்ணிக்கையும், கூடவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று உறுதி. சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுங்கள். ஃபெரிட்டின் சரியாக இருந்து சிவப்பணுக்கள் மட்டும் சின்னதாக இருந்தால் தலசீமியா கூறு, அதாவது பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறையின் லேசான வடிவம், இருக்கலாம். அதற்கு இரும்பு மருந்து பயன்படாது, வேறு சோதனை உண்டு. ரத்தசோகையாலும் மர்மர் வருமே என்று நீங்கள் படித்திருக்கலாம். வரும், ஆனால் 11.1 அதற்குப் போதுமான காரணமில்லை. இரும்பு டானிக் ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் ஒரு கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும், சேமிப்பு நிரம்புவதற்காக. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். பாட்டிலை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இரும்பு மருந்தை அளவுக்கு மீறி விழுங்கிய சின்னக் குழந்தைகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருவதுண்டு.

பெரிய மருத்துவமனையா, பக்கத்து டாக்டரா என்ற கேள்விக்கு என் பதில் இது. மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனையின் கூட்டத்தில் அரை நாள் நிற்பதால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் காய்ச்சல்தான். அருகிலுள்ள குழந்தை மருத்துவர் ஒருவர், அப்புறம் ஒரு கண் மருத்துவர், இந்த இருவர் போதும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் பெரிய இடம். போகும்போது பள்ளிச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 'ஸ்கூலில் ஏதோ சொன்னார்கள்' என்று வாயால் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. பிள்ளையை ரத்தம் எடுக்கவோ எக்கோவுக்கோ உள்ளே அழைத்தால் நீங்களும் கூட வருவதாகச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் பெற்றோரை வார்டுக்கு வெளியே நிறுத்திவைப்பதுதான் முறை. பிரிட்டனில் 1959ல் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அனுமதிக்கச் சொன்ன பிறகு மெல்ல மாறியது. எட்டு வயதுப் பையனிடம் வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். கொஞ்சம் குத்தும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொன்னால் கையை நீட்டுவான். அடுத்த முறையும் உங்களை நம்புவான்.

கடைசியாக, இது சடங்கா என்று கேட்டீர்கள். பாதி நியாயமான சந்தேகம். நலமாக இருக்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு நிமிடம் இதயத்தைக் கேட்பதால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தமான கூடத்தில் காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் வீண். முதுகெலும்பு வளைவுக்காக எல்லாப் பிள்ளைகளையும் குனியவைத்துப் பார்ப்பது நல்லதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கண் பார்வை, சொத்தைப் பல், வருடா வருடம் எடுத்து ஒப்பிடும் உயரம், எடை ஆகியவை வேறு ரகம். செலவு குறைவு, பிடிபடுவது நிஜம், சரிசெய்யவும் முடியும். ஆனால் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதைவிடக் கண்ணாடியையே கையில் கொடுத்த திட்டங்களில்தான் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

இதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. நியூயார்க்கில் 1897 முதலே மருத்துவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கண்நோய், படர்தாமரை, சொறி, பேன் என்று இருந்தால் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சீட்டைப் படிக்கத் தெரியாத வீடுகள், மருந்து வாங்க வழியில்லாத வீடுகள். விரட்டப்பட்ட பிள்ளை சாயந்திரம் அதே வகுப்புப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடும். 1902 அக்டோபரில், அங்கே ஏழைகளுக்குச் செவிலியர் சேவை நடத்திவந்த லிலியன் வால்ட் தன்னிடமிருந்த லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நெரிசலான ஒரு பகுதியின் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு எப்படிச் செய்வதென்று காட்டிக் கொடுத்தார். நகராட்சி மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். மறு வருடம் செப்டம்பரில் 1,101 பேர். இடையில் வந்து சேர்ந்தவர்கள் அந்தச் செவிலியர்கள்.

உங்கள் பள்ளியில் அப்படி ஒரு செவிலியர் இல்லையென்றால் அந்த வேலை உங்கள் தலையில்தான். கண் மருத்துவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். ஒட்டுப் போடச் சொன்னால் வகுப்பில் யாரும் கேலி செய்யாமல் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பள்ளியில் எடுத்த உயரமும் எடையும் சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள்; அடுத்த வருடத்து எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். இன்னொன்று: இவனுக்குக் கீழே தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் கண்ணையும் இப்போதே காட்டிவிடுங்கள். இந்தக் குறை குடும்பத்தில் ஓடுவதுண்டு. எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படம் போட்ட அட்டை இருக்கிறது, மூன்றரை நாலு வயதிலேயே பார்த்துவிடலாம்.